சங்கக் கோட்டின் வலது கை

ஒரு சட்டையில் தைக்கக் கடினமான இடம் எது என்று கேட்டால், தொழில் தெரியாதவர்கள் காலர் என்பார்கள். காலர் அல்ல, கை. கையைத் தோளோடு சேர்க்கும் அந்த வளைவில்தான் தையற்காரனின் மானம் இருக்கிறது. நான் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். வெட்டுவது என் தொழில். சங்கச் செயலாளர் என்பது என் கடமை. மேடை என் மூச்சு. இம்மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்ததைத்தான் நீங்கள் விசாரிக்கிறீர்கள். விசாரணை அலுவலர் அவர்களே, எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. இதை அச்சில் படிக்கப்போகும் பொதுமக்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மூடிய அறையில் சொன்ன உண்மை முக்காடு போட்ட உண்மை.

பொதுமக்களே, என் குற்றத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு கதவைப் பார்க்க வாருங்கள்.

எங்கள் சீருடைத் தொழிற்கூடத்தின் பின்புறம், அயர்ன் மேசைகளைத் தாண்டி, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறது அது. சாம்பல் நிற இரும்புக் கதவு. அதன் நெற்றியில் 'அவசர வழி' என்று எழுதியிருக்கிறது. அதன் இடுப்பில் பூட்டுத் தொங்குகிறது. துணி திருட்டுப் போகிறதாம், அதனால் வேலை நேரமெல்லாம் பூட்டாம். சாவி மேலாளரிடம். மேலாளர் மேல்மாடியில். சென்ற ஆண்டு அயர்ன் மேசை ஒன்று தீப்பற்றிப் புகை கிளம்பியபோது தையல் பிரிவு முழுவதும் ஓடிப்போய் அந்தக் கதவின்மீது விழுந்தது. சாவி படியிறங்கி வருவதற்குள் புகை தானாக அடங்கிவிட்டது. யாரும் சாகவில்லை. அது நிர்வாகத்தின் கருணை அல்ல, புகையின் கருணை. நெரிசலில் காஜாக்காரம்மாவின் வலப் பாதம் நசுங்கியது. பொத்தான் துளை எடுக்கும் எந்திரத்தின் மிதியை அந்த அம்மையார் இன்று இடக்காலால் மிதிக்கிறார். பூட்டுக்கு ஒரு கீறலும் இல்லை.

இது அநீதி என்று சொல்ல யாருக்கும் பட்டம் வேண்டியதில்லை. நான் சொன்னேன். துண்டறிக்கையில் சொன்னேன், சுவரொட்டியில் சொன்னேன், உணவு இடைவேளையில் பெட்டிமேல் ஏறி நின்று சொன்னேன். பேசிப் பேசித் தேய்ந்தது என் நாக்கு. தேயாமல் தொங்கியது பூட்டு.

கதவைத் திறக்க வழி இல்லாமல் இல்லை. நிர்வாகத்தோடு எங்களுக்குள்ள ஒப்பந்தப்படி, பாதுகாப்புப் பற்றிய தீர்மானத்தைச் சங்கப் பொதுக்குழு மேலாளர் முன்னிலையில் கைதூக்கி நிறைவேற்றினால், நிர்வாகம் அதை ஏற்றே ஆகவேண்டும். கை காதுக்கு மேலே வந்தால் அது ஓட்டு. காதுக்குக் கீழே நின்றுவிட்டால் சொறிந்ததாகக் கொள்ளப்படும். இது விதியிலேயே இருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில் நான் பேசியதைக் கேட்டவர்கள் இன்றும் சொல்வார்கள். கூரை அதிரக் கைதட்டினார்கள். விசில் பறந்தது. 'கதவு திறக்க வேண்டும் என்போர் கைதூக்குக' என்றேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த மேலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெல்லத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். கைதட்டிய கைகள் அத்தனையும் தொடைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.

கூட்டம் முடிந்ததும் அயர்ன்காரரைப் பிடித்துக் கேட்டேன். யார் பேச்சிலும் நடுவே போய்க் குத்துவதால் அவருக்கு ஊக்கு என்று பெயர்.

"ஏன் தோழர் கைதூக்கவில்லை?"

"தூக்கலாம்னுதான் மாஸ்டர் நெனச்சேன். கை கேக்கல."

"கை உங்களுடையதுதானே?"

"கை என்னுதுதான். அது செய்யற வேலை அவருது."

பொதுமக்களே, இந்தப் பதிலை எண்ணிப் பாருங்கள். உள்ளம் ஒப்புகிறது, வாய் ஒப்புகிறது, கை மட்டும் ஒப்பவில்லை. கருத்தில் கோளாறு என்றால் துண்டறிக்கை போடலாம். கையில் கோளாறு என்றால் தையல்தானே போடவேண்டும்?

என் துணைவியாருக்கு வேறு வழியில் நம்பிக்கை இருந்தது. பெண்ணடிமைத்தனத்தை எதிர்ப்பவன் நான். ஆதலால் மனைவியை 'அவர்' என்றே குறிப்பிடுவேன், கவனித்து எழுதவும். அவர் அதே கூடத்தில் ஓவர்லாக் எந்திரத்தில் துணி ஓரம் அடிக்கிறார். மேடை ஏறமாட்டார். விடுமுறை நாட்களில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், தேநீர் குடித்து, குழந்தைகளின் சளி இருமலை விசாரித்துவிட்டு வருவார். போனால் கதவைப் பற்றியும் பேசுகிறேன் என்பார். அதை நான் வம்பளப்பு என்று கருதினேன். இப்போதும் அப்படித்தான் கருதுகிறேன்.

இந்தச் சமயத்தில்தான் என் மச்சினனின் பட்டறைக்குப் போனேன். துணைவியாரின் தம்பி. மேடை நடனக் குழுக்களுக்கு விளக்கு எரியும் பாவாடை, படபடக்கும் சிறகு இவையெல்லாம் செய்துகொடுப்பவன். மேசைமேல் கழற்றிப் போட்ட சிறகுகளுக்கு நடுவே, சின்ன நாணயம் அளவில் ஊதா நிறத்தில் ஒன்று கிடந்தது. ஓரம் முழுக்கத் துளைகள்.

"இது யாது? பொத்தானா?"

"பொத்தான் மாதிரி தைக்கலாம் மாமா. ஆனா இது மோட்டார ஓட்டற பலகை."

"விளக்கமாகக் கூறு."

"இங்க மைக் இல்ல மாமா, சாதாரணமாவே பேசுங்க. இந்தா, பக்கத்துல இருக்கற இந்தப் பெரிய பலகை, இது மூளை. மூளை எப்பவும் ரகசியம் சொல்ற மாதிரி மெல்லிசாத்தான் பேசும். மோட்டார் முரட்டுப் பய, அவனுக்கு அதெல்லாம் காதுல விழாது. நடுவுல இந்த ஊதாப் பய நிக்கறான். மூளை கிசுகிசுத்தத வாங்கி, பேட்டரில இருந்து தெம்பு எடுத்து, மோட்டார்கிட்ட அதட்டிச் சொல்லுவான். அவன் ஓடுவான்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெல்லிய குரலை வாங்கி வலிய செயலாக்குவது. பேச்சாளன் என்பவன் வேறென்ன? என் வாழ்நாள் முழுக்க நான் இருக்க முயன்றதை ஒரு பொத்தான் அளவில் செய்து மேசைமேல் போட்டிருந்தார்கள்.

மச்சினன் நூலையும் காட்டினான். வெள்ளி பூசிய நூல். ஊசியில் கோத்து அந்தத் துளைகள் வழியே துணியோடு தைத்துவிட்டால், தையலே மின்கம்பி ஆகிவிடும். ஓர் எச்சரிக்கையும் சொன்னான். அதை மறைக்காமல் பதிவுசெய்கிறேன்.

"கம்பிக்கு மேல ரப்பர் இருக்கும். இந்த நூலுக்கு அது கெடையாது மாமா. ரெண்டு ஓட்டத்த ஒட்டி ஒட்டித் தைக்கக் கூடாது. ஈரம் பட்டா ஒண்ணோட ஒண்ணு பேச ஆரம்பிச்சிடும்."

"நான் இரட்டைத் தையல் போட்டால் நடுவில் எறும்பு நுழையாது, தெரியுமா?"

"எறும்பு நுழையணும் மாமா. அதத்தான் சொல்றேன்."

தைக்கத் தெரியாதவர்களின் அறிவுரை எல்லாத் தொழிலிலும் உண்டு. நான் புன்னகைத்தேன். எதற்கு இத்தனை பலகை என்று கேட்டான். ஒரு கூட்டமே எழுச்சி பெறும் காட்சி, மேடைக்கு, என்றேன். அது பொய்யல்ல. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி அவன் வீட்டுக்குப் போனது. பலகைகள் என் வீட்டுக்கு வந்தன.

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு எல்லோரும் ஒரே மாதிரிக் கோட்டு அணியவேண்டும் என்று அறிவித்தேன். சமத்துவத்தின் சின்னம் என்றேன். உண்மையும் அதுதான். வரிசையில் நின்று அளவு கொடுத்தார்கள். தோளில் கெட்டியான கேன்வாஸ். அதற்குள் பேட்டரியும், தீப்பெட்டி அளவு மோட்டாரும், எலும்பு போல ஒரு பிளாஸ்டிக் பட்டையும். பட்டையின்மேல் ஏறி, வலது கைக்குள் இறங்கி, மணிக்கட்டில் முடிகிறது தூண்டில் நரம்பு. மோட்டார் நரம்பைச் சுருட்டினால் முழங்கை மடங்கும், மேற்கை எழும், உள்ளங்கை காதைத் தாண்டும். மூளைப் பலகைக்கும் மோட்டாருக்கும் நடுவே, அக்குளுக்குச் சற்று மேலே, அந்த ஊதா நாணயம். அத்தனை கோட்டுக்கும் ஆணையிட என் சட்டைப் பையில் ஒரே பெட்டி: ஓரத்தில் தள்ளு சுவிட்ச், நடுவில் பொத்தான். வெள்ளி நூலைப் பக்கத்தில் பக்கத்தில் இரட்டைத் தையலாகவே ஓட்டினேன். அவ்வளவு அழகான தையலை நான் அதற்குமுன் போட்டதில்லை.

சோதித்துப் பார்க்காமல் பொதுமக்களுக்குக் கொடுப்பது பொறுப்பற்ற செயல். ஆகவே முதல் கோட்டைத் துணைவியாருக்குப் போட்டேன். அளவு பார்க்கவேண்டும், சற்று நில்லுங்கள் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொத்தானை அழுத்தினேன். கை எழுந்தது.

"என்னங்க. என் கையப் பாருங்க."

"கைக்கு என்ன?"

"தானா தூக்குது."

"உள்ளத்து உணர்ச்சியின் வெளிப்பாடாக இருக்கலாம்."

"எனக்கு ஒரு உணர்ச்சியும் இல்லீங்க. கொடில துணி எடுத்தேனான்னு யோசிச்சிட்டு நின்னேன்."

வேகம் சற்று அதிகம். குறைத்து மறுபடி அழுத்தினேன். பிறகு கோணம். பிறகு மறுநாளும், அடுத்த வாரங்களிலும். கோட்டைக் கழற்றினால் கை அடங்கிவிடுகிறது என்பதை அவர் கவனித்திருக்கலாம். ஆனால் துணியின்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? மனிதர்கள் தங்கள் உடம்பைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். அவர் மருத்துவரிடம் போனார். மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்றார், மாத்திரை எழுதினார். ஓவர்லாக் எந்திரத்தில் ஊசிக்குப் பக்கத்திலேயே கத்தி ஓடும். துணியோடு கையும் போய்விடுமோ என்று பயந்து, அவராகவே கேட்டு, பிசிறு நூல் வெட்டும் மேசைக்கு மாறிக்கொண்டார். பிரிவிலேயே கடைசி மேசை அது. அவர் வருந்தியபோது நான் ஆறுதல் சொன்னேன். மாத்திரையையும் தண்ணீரையும் நானே எடுத்துக் கொடுத்தேன். இல்லறத்தில் வேலைப் பகிர்வு வேண்டும் என்பது என் கொள்கை.

பொதுக்குழு ஒரு பிற்பகலில், வாடகை அரங்கில் கூடியது. மின்விசிறிகள் சுற்றின, காற்று வரவில்லை. வாசலில் நானே நின்று கோட்டுகளைக் கொடுத்தேன். காஜாக்காரம்மா போட்டுப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார்.

"ஏம்பா மாஸ்டரு, உள்ள செங்கல்லு எதும் வச்சுத் தச்சிட்டியா?"

"அது சுயமரியாதையின் எடை அம்மா."

"இருக்கட்டும். கையத் தூக்கணும்னா கொஞ்சம் கஷ்டமால்ல இருக்கு. கழட்டி வச்சிட்டுத் தூக்கலாமா?"

"கூடாது" என்றேன். அந்த அம்மையார் என்ன சொன்னார் என்பதை நான் அப்போது ஆராயவில்லை.

மேலாளர் வந்தார். அவருக்கும் ஒரு கோட்டுக் கொடுக்க எண்ணியிருந்தேன், அளவு கிடைக்கவில்லை. நான் பேசினேன். வழக்கத்தைவிடச் சுருக்கமாகவே பேசினேன், நேரம் அதிகம் ஆகவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஊக்கு மட்டும் நடுவில் இரண்டு முறை வெளியே போய் வந்தார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, "பின்கதவு வேலை நேரத்தில் திறந்தே இருக்கவேண்டும் என்போர் கைதூக்குக" என்றேன். பொத்தானை அழுத்தினேன்.

காஜாக்காரம்மாவின் கை முதலில் எழுந்தது. சற்றுப் பொறுத்து ஊக்கின் கை. பிறகு மூன்றாவது வரிசையில் என் துணைவியாருடையது. பிறகு அங்கொன்று இங்கொன்றாக, பிறகு வரிசை வரிசையாக. ஒன்றிரண்டு கைகள் நடுங்கின. சிலர் இடது கையைத் தூக்கினார்கள். ஒருவர் இரண்டையும் தூக்கினார். மோட்டார் வலக்கையில் மட்டுமே இருப்பதால், இடக்கை எழுந்ததை ஒரு சிறு தொழில்நுட்பக் கோளாறு என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், பார்த்தார். மறுபடி துடைத்துப் பார்த்தார். ஒரு கையும் இறங்கவில்லை. தீர்மானத்தில் கையெழுத்திட்டார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அரங்கில் யாரோ விம்மினார்கள். காஜாக்காரம்மா தம் வலப் பாதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு கூட்டத்தை முடித்திருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், அலுவலர் அவர்களே, வெற்றி பெற்ற மக்கள் உடனே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதுதான் வரலாற்றின் சோகம். வெற்றியைக் காக்க ஒருவர் வேண்டும். ஆகவே அந்தக் கணத்தில், எவ்விதத் தன்னலமும் இன்றி, செயலாளர் பதவியை ஆயுட்காலப் பதவியாக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தேன். அழுத்தினேன்.

ஒரு கைகூட எழவில்லை.

"அது எதுக்கு மாஸ்டர் இப்ப?" என்றார் ஊக்கு. "சாவிதான் வந்திருச்சே. சாவிய விட்டுட்டுப் பூட்டப் புடிச்சுக்கறீங்களே." அரங்கமே சிரித்தது. என் துணைவியாரும் சிரித்தார்.

பெட்டியை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஓரத்துச் சுவிட்ச் அணைந்த நிலையில் இருந்தது. அரங்குக்குள் நுழைந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் பலர் என்னைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மோட்டார் ஓடாமலேயே முதல் தீர்மானத்துக்குக் கை எழுந்திருக்கிறது என்றால், அவர்களாகவே தூக்கியிருக்கிறார்கள் என்கிறார்கள். துணைவியார் வீடு வீடாகப் போய்ப் பேசியதன் பலன் என்கிறார்கள். நான் அமைதியாக எண்ணிப் பார்த்தேன். முந்தைய ஆண்டு தூக்காதவர்கள் இந்த ஆண்டு தூக்கினார்கள். இரண்டுக்கும் நடுவே புதிதாக வந்தது எது? கோட்டு. ஓடாத நிலையிலேயே அவ்வளவு வேலை செய்யும் கருவி, ஓடினால் என்ன செய்யாது? சுவிட்சைத் தள்ளினேன். தீர்மானத்தை மறுபடி வாசித்தேன். அழுத்தினேன்.

அதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். எல்லாம் வலக்கை. எல்லாம் ஒரே நேரம். எல்லாம் ஒரே உயரம். நடுக்கம் இல்லை, முன்பின் இல்லை. முதல் தடவையைவிட எவ்வளவோ ஒழுங்கு. சமத்துவத்தை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சிரிப்பு நின்றது. அவரவர் தம் கையை, ஊரார் பிள்ளையைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்தார்கள். ஊக்கு இடக்கையால் வலக்கையைப் பிடித்துக் கீழே தொங்கினார்.

"மாஸ்டர், எனக்குப் பக்கவாதம் வந்திருச்சு மாஸ்டர்."

"பக்கவாதம்னா தொங்குமேப்பா. இது நிக்குதே" என்றார் காஜாக்காரம்மா.

அப்போது என் துணைவியார் எழுந்தார். அவர் கையும் காதுக்கு மேல் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அரங்கத்தைப் பார்த்தார்.

"இது எனக்கு வந்த வியாதிங்க. ரெண்டு மாசமா இருக்கு. ஒட்டுவாரொட்டின்னு டாக்டர் சொல்லல. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தேன், உங்க டம்ளர்ல டீ குடிச்சேன், புள்ளைங்களத் தூக்கினேன். என்னாலதான் உங்களுக்கும் வந்திருக்கு. மன்னிச்சிருங்க."

நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன், கைகள் இறங்கின. அரங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் ஒரு தலைவன் என்ன செய்யவேண்டும்? பீதியைத் தணிக்கவேண்டும். உறவு என்று பாராமல் முடிவெடுக்கவேண்டும். உறுப்பினர்களின் உடல்நலம் கருதி, தோழர் அவர்களைச் சங்கத்தின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்க முன்மொழிகிறேன் என்றேன். சொந்த மனைவியென்றும் பாராத நேர்மையைப் பிற்காலம் பேசும் என்று அக்கணத்தில் நெஞ்சு நிறைந்தது. அழுத்தினேன். ஏகமனதாக எழுந்தது. அவருடைய கையும் எழுந்தது. தம்மை நீக்கும் தீர்மானத்துக்குத் தாமே ஆதரவு தந்த முதல் உறுப்பினர் அவர்தான்.

அவர் அந்தக் கையைப் பார்த்தபடி, "சரிங்க, அதுவும் சரின்னுதான் சொல்லுது" என்றார்.

மேலாளர் அதுவரை கைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இப்போது தொண்டையைச் செருமினார்.

"செயலாளரே, சும்மா ஒரு சந்தேகத்துக்குக் கேக்கறேன். அந்தக் கதவு பழையபடி பூட்டியே இருக்கட்டும்னு சொல்றவங்க?"

நான் அழுத்தவில்லை. இதைப் பெரிய எழுத்தில் பதிவுசெய்யுங்கள், நான் அழுத்தவில்லை. ஆனால் இறங்கியிருந்த கைகள் மறுபடி எழுந்தன. பயத்தில் எல்லோருக்கும் வேர்த்திருந்தது. அக்குளில் ஊறிய வேர்வை என் இரட்டைத் தையலுக்குள் இறங்கியிருந்தது. நடுவில் இடைவெளி இல்லாத இரண்டு வெள்ளிக் கோடுகளும் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டன. பலகைக்கு இனி மூளையின் ஆணை வேண்டாம், என் பொத்தான் வேண்டாம். பக்கத்து நூல் கசியவிட்டதையே ஆணை என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை அதட்டியது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், சுவிட்சை அணைத்தேன். கைகள் இறங்கின, ஏறின. இறங்கின, ஏறின.

"ஏகமனதா" என்று மேலாளர் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டார். மேசைமேல் இருந்த சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு சற்று யோசித்தார். "விடுமுறை நாள்லயும் வேலைக்கு வர்றோம்னு சொல்றவங்க?" எழுந்தது. "தண்ணி குடிக்கிற இடைவேளை வேணாம்னு?" எழுந்தது. "சங்கத்தையே கலைச்சிடலாம்னு?" எழுந்தது. அவர் முகம் சிவந்து மலர்ந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் கூச்சத்தோடு, "நான் நல்லவன்னு நெனக்கிறவங்க?" என்றார். அதற்கும் எழுந்தது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அளவுகடந்த அதிகாரம் மனிதனை எப்படிக் கெடுக்கிறது என்பதை அன்று அவரிடம் கண்டேன். மூன்று நிமிடம் முன்புவரை அதே அதிகாரம் என்னிடம்தான் இருந்தது. என்னைச் சிறிதும் கெடுக்கவில்லை.

காஜாக்காரம்மாவின் மணிக்கட்டில் நரம்பு இறுகி வெட்டத் தொடங்கியது. அவர் வலியில் முனகியதும் மற்றவர்கள் நெருங்கத் தயங்கினார்கள். என் துணைவியார்தான் போனார். 'எனக்கு ஏற்கனவே வந்துதானே இருக்கு, நான் தொடறேன்' என்று சொல்லிக்கொண்டே, பிசிறு வெட்டும் சின்னக் கத்தரிக்கோலை இடக்கையால் எடுத்து, அந்த அம்மையாரின் கோட்டுக் கையைத் தோள்வரை கிழித்தார். நான் அத்தனை கவனமாகத் தைத்த வளைவு. உள்ளே தூண்டில் நரம்பு, மோட்டார், வெள்ளித் தையல், நடுவில் ஊதா நாணயம். அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது தம்பி பட்டறைச் சாமான்" என்றார்.

பிறகு மேடைக்கு வந்தார். வலக்கை காதுக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இடக்கையில் அந்தப் பலகை. அரங்கில் மோட்டார்களின் முனகல் மட்டும் கேட்டது.

"ரெண்டு மாசமா மாத்திரை தின்னேன்."

"ஆம்."

"உங்க கையாலதான் எடுத்துக் குடுத்தீங்க."

"ஆம், தோழர். கொள்கைக்காக."

"கை போயிடும்னு பயந்து வேலைய விட்டேன். இத்தன பேர் முன்னாடி மன்னிப்புக் கேட்டேன்." அவர் குரல் உயரவில்லை. "இவங்க எல்லாரும் தூக்கறேன்னு எனக்கு வாக்குக் குடுத்திருந்தாங்க. தெரியுமா உங்களுக்கு? ஒவ்வொரு வீட்லயும். ஊக்கு அண்ணன் கண்ணாடி முன்னாடி நின்னு தூக்கிப் பழகினாராம். நீங்க சும்மா இருந்திருந்தாப் போதுங்க."

இதற்கு என்னிடம் மறுமொழி இருந்தது. மைக் அணைக்கப்பட்டிருந்தது.

ஊக்கு கத்தரிக்கோலை வாங்கி வரிசையாக எல்லோர் கையையும் கிழித்துவிட்டார். நான் வெட்டித் தைத்த அத்தனை கோட்டும் ஒற்றைக் கையோடு அரங்க வாசலில் குவிந்தன. என்னைத் தேடி யாரும் வரவில்லை. நானாகத்தான் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். அதைத் தண்டனையைக் குறைக்கும் சூழ்நிலையாகக் கருதவேண்டும்.

ஆகவே, முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பலகைகளைத் தைத்தவன் நான். மனைவியைச் சோதனைக்கு வைத்து, நோயாளி என்று நம்பவைத்தவன் நான். முதல் தீர்மானம் மோட்டார் இன்றி நிறைவேறியதை அறிந்த பிறகும் சுவிட்சைத் தள்ளியவன் நான். கதவைப் பற்றிக் கையெழுத்தான தீர்மானங்கள் இரண்டும் இப்போது உங்கள் மேசையில் இருக்கின்றன. ஒன்று கதவைத் திறக்கச் சொல்கிறது, மற்றொன்று பூட்டச் சொல்கிறது. பிந்தியதே செல்லும் என்று நிர்வாகம் வாதிடுவதால் கதவு இன்றும் பூட்டியே கிடக்கிறது. அதற்கு உள்ளே, நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும், அயர்ன் மேசைகள் கொதித்துக்கொண்டிருக்கின்றன. காஜாக்காரம்மா இடக்காலால் மிதித்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் உத்தரவுப்படி மறு பொதுக்குழு கூடப்போகிறது. நீக்கப்பட்ட என் துணைவியாரே தலைமை தாங்குவார் என்கிறார்கள், அந்த நீக்கம் செல்லாதாம். அவர் இப்போது தம்பி வீட்டில் இருக்கிறார், மாத்திரையை நிறுத்திவிட்டார், ஓவர்லாக் எந்திரத்துக்குத் திரும்பிவிட்டார் என்று ஊக்கு சொன்னார். எல்லோரும் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு வருவது என்று முடிவாம். வெறுங்கையைத் தூக்கிக் காட்டுவார்களாம். கேட்டபோது எனக்கு அச்சமாக இருந்தது. துணை ஏதும் இல்லாத ஒரு கையை நம்பி அவ்வளவு பெரிய கதவை எப்படி விட்டுவிடுவது?

எனவே பொதுமக்களே, உங்களிடம் கேட்கிறேன். வேடிக்கை பார்க்காதீர்கள். அநீதியைக் கண்டும் அசையாத கை, கை அல்ல, காம்பு. மறு பொதுக்குழுவின் வாசலில் திரண்டு நில்லுங்கள். கதவு திறக்கட்டும் என்று கைதூக்குங்கள். என்னை மீண்டும் செயலாளராக்க அதே கையை இன்னொரு முறை தூக்குங்கள். தூக்க மனம் இருந்தும் கை கேளாதவர்கள் யாரேனும் இருந்தால், வெட்கப்படவேண்டாம். தோள் அகலம், கை நீளம், மணிக்கட்டுச் சுற்றளவு இம்மூன்றையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் சுதந்திரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.